வரிசை எண் 612

காலை ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது, வாசலில் நின்ற ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ரப்பர் பட்டை போட்டு வைத்திருந்த படிவக் கட்டு. கொண்டுவந்தவர் எங்கள் ஊர் அங்கன்வாடி ஊழியர். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையும் அவருக்குத்தான். தேர்தல் ஆணையத்தின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு அது இந்த ஸ்கூட்டரில்தான் வரும்.

மூன்று படிவங்கள். வரிசை எண் 611 அம்மா, 612 அண்ணன், 613 நான். அண்ணனின் படிவத்தில் இருபத்து நான்கு வயதில் எடுத்த படம் அச்சாகியிருந்தது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர் அண்ணன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டில் சரக்கை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். லாரியை இன்னொரு டிரைவர் திருப்பிக் கொண்டுவந்தார். போலீசில் எழுதிக் கொடுத்தோம். இரண்டு முறை நானே போய்த் தேடினேன்.

கல்லறைத் திருநாளில் அப்பாவின் கல்லறைக்கு மட்டுமே அம்மா மெழுகுவத்தி வாங்குவார். அண்ணனுக்கும் ஒன்று வாங்கச் சொன்ன சித்தியிடம் அதன்பிறகு ஒரு வருடம் பேசவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும் அண்ணனின் பூத் சிலிப்பை வேதாகமத்துக்குள் வைப்பார். போன தேர்தலில், வராதவர்களின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்த கட்சி ஏஜெண்ட் 612 எங்கே என்று கேட்டார். மத்தியானம் வருவான் என்றார் அம்மா.

"இத்தனை வருசமா வராதவரு ஓட்டுப் போடவா வரப்போறாரு, ஆத்தா?" என்றார் ஏஜெண்ட். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆறு மணிக்கு வாக்குச்சாவடிக் கதவைச் சாத்தும்வரை அம்மா பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது மூன்று படிவங்களிலும் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். பொய்யான உறுதிமொழிக்குத் தண்டனை உண்டு என்று படிவத்தின் அடியில் இருந்ததை நான் படித்துக் காட்டினேன். இருபது வருடம் திண்டுக்கல்லில் செய்தி திருத்தியவன். உறுதிப்படுத்தாத எதையும் அச்சுக்கு அனுப்பிப் பழக்கமில்லை.

முதல் பொதுத்தேர்தலைப் பற்றி ஒருமுறை எழுதியிருக்கிறேன். பட்டியல் எடுத்தபோது தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொன்ன லட்சக்கணக்கான பெண்களை அப்போதைய ஆணையம் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆள் இருந்தால் போதாது, பெயரும் வேண்டும். அது சரி என்றே அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தேன்.

ஊழியர் அவசரப்படவில்லை. அவருக்கு அண்ணனைத் தெரியும். ஒரே பள்ளியில் படித்தவர்கள். பெயரை நீக்க என்னென்ன காரணம் எழுதலாம் என்று மெதுவாகச் சொன்னார். இறந்தவர் என்றதும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்தது, கண்டறிய முடியாதவர்.

"அப்படின்னா தேடிப் பாத்தாகளா, தாயி?"

ஊழியர் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

"இடம் மாறிப் போயிட்டாருன்னு எழுதவா, பெரியம்மா?" என்றார் பிறகு.

எந்த ஊருக்கு என்று எழுத வேண்டுமா என்று கேட்டார் அம்மா. தெரிந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்றார் ஊழியர். திரும்பி வந்தால் மறுபடி சேர்க்க முடியுமா என்று அம்மா கேட்டார். முடியும், அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது என்று படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவிக் காட்டினார் ஊழியர். அம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"நீ போடு அப்பு. என் கையால போட மாட்டேன்."

போட்டேன். உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன். ஊழியர் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். வாங்கிய வெற்றுப் படிவத்தை அம்மா நான்காக மடித்து வேதாகமத்துக்குள் சிலிப்புகளோடு வைத்தார்.

சில வாரங்களில் புதிய பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். அம்மாவின் எண் 611. என் எண் 612.