பாதத்தில் ஒரு பார்டர்

செருப்புக் கடைப் பெண் என் வலது பாதத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "தழும்பு மறையறா மாதிரி ஷூ காட்டட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர் சேவூரில் வயல் வரப்பில் நல்ல பாம்பு கடித்தபோது எனக்கு ஒன்பது வயது. ஊசி மருந்து உயிரைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் கடிபட்ட இடத்தில் விஷம் தோலைக் கொன்றிருந்தது. அது கறுத்து, பழைய தோல் வார் போல விறைத்துப்போனது. டாக்டர் செத்த தோலை வெட்டியெடுத்து, தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார். அது பிடிக்காவிட்டால் மறுபடியும் கத்திதான்.

கட்டுப் பிரித்த அன்று அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்தார். ஒட்டிய தோல் இளஞ்சிவப்பாக, உயிரோடு இருந்தது. பட்டுச் சேலையில் உடலும் பார்டரும் சேரும் கோர்வையைச் சோதிப்பதுபோல அப்பா குனிந்து ஓரம் முழுக்கப் பார்த்தார். விரலால் நீவப் போனவரின் கையை நர்ஸ் தட்டிவிட்டாள்.

"கலர்தான் வேற. கோர்வை எங்கயும் பிரியல டாக்டர்."

"சும்மா இருங்க. நீங்க நெய்ஞ்ச சேலையா இது?" என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வீடு திரும்பியதும் தெருவில் யார் வந்தாலும் நான் காலை நீட்டிக் காட்டினேன்.

கடைப் பெண் இன்னும் காத்திருந்தாள்.

"மறைக்க வேணாம்மா," என்றேன். "பார்டர் நல்லா தெரியறா மாதிரி ஒண்ணு எடு."