ஜன்னல் அளவு

பேருந்து குலுங்கும்போதெல்லாம் டிபன் டப்பாவுக்குள் மணிகள் சலசலக்கின்றன. தகரக் கூரையில் முதல் மழை விழும் அதே ஓசை. நான் விட்டுவந்த வீடுகளெல்லாம் நெஞ்சில் நனைகின்றன.

டப்பாவை மடியில் வைத்திருப்பவள், ராஜபாளையத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள். கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு மணி வைத்துத் தைக்கிறவளாம். இப்போது கொக்கி ஊசியால் வெள்ளை லேஸ் பின்னிக்கொண்டு வருகிறாள்.

"இதுவும் ஆர்டரா?"

"இல்லக்கா, இது எனக்கு. ஜன்னல் திரை. எங்க வீட்டுக்காரவிய மிலிட்டரி. குவாட்டர்ஸ் கெடைக்கப்போவுதுன்னு ஜன்னல் அளவு சொல்லுவாவ. பின்னி முடிக்கதுக்குள்ள வேற ஊருக்கு மாத்திருவாங்க. பிரிச்சுப் பிரிச்சு நூலே நைஞ்சுபோச்சு."

போன் அடிக்கிறது. கேட்டுக்கொண்டே லேஸை முழம் போடுகிறாள்.

"வீடு கெடைச்சிருச்சாம்க்கா! சாவியும் வாங்கிட்டாவளாம். ஜன்னல்தான் ரொம்பச் சின்னதாம்."

"அப்போ மறுபடியும் பிரிக்கணுமே?"

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. லேஸைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள்.

"பிரிக்க மாட்டேன். இம்புட்டையும் கொசுவிக் கொசுவித் தொங்கவிட்டுருவேன். வெளிய தெரியாட்டி என்னக்கா? இனிமே ஜன்னல் வழியா யாரைப் பாத்துக்கிட்டு நிக்கப்போறேன்?"