சாய்மானம்

பழங்காநத்தத்தில் புதுப் பாலத்துக்குக் கீழே செடி நட்டு, சனங்கள் உட்கார ஆறு மேடை கட்டினோம். கொத்தனார் நல்லகாமன். அவனுக்குக் கலவை போடுகிற கையாள் நான். பதினாறு வருசமாக அவனோடுதான் வேலை. அதிகம் பேசமாட்டான். பிடிவாதம் மட்டும் அம்புட்டு இருக்கும்.

வரைபடத்தில் சாய்மானம் ரோட்டுப் பக்கம் இருந்தது. உட்காருகிறவர்கள் ரோட்டுக்கு முதுகு காட்டி, செடியைப் பார்க்க வேண்டும். முதல் மேடையிலேயே நல்லகாமன் அதை மாற்றினான். செடிப் பக்கம் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

போன வருசம் இதே ரோட்டில்தான் அவன் அக்கா முனியாயி பஸ்ஸுக்கு நின்றது. பின்னால் பைக்கில் வந்தவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். கழுத்தில் தழும்பு இன்னும் மறையவில்லை. ரோட்டுக்கு முதுகு காட்டி இங்கே எந்தப் பொம்பளையும் உட்காரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

சாய்மானத்தில் நாலு வரிசை செங்கல் ஏறியபோது கம்பெனி இன்ஜினியர் ஷ்யாம் வந்து இறங்கினார். சின்ன வயசு.

“யாரைக் கேட்டு மாத்துனீங்க?”

“யாரையும் கேக்கல சார்.”

“நாளைக்கு ஆபீசர் பாக்க வர்றாரு. பிரிச்சு மாத்திக் கட்டுங்க.”

“நான் மாத்த மாட்டேன். வேற ஆள வச்சுக் கட்டிக்கங்க.”

“மாப்ள, ஆறு மேடையும் கைய விட்டுப் போயிரும்டா,” என்றேன்.

“போகட்டும்.”

உச்சி வெயில். கலவை இறுகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இன்ஜினியர் யாருக்கோ போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.

நல்லகாமன் தன் அக்கா கழுத்தைப் பற்றிச் சொன்னான். மூன்றே வரிதான். இன்ஜினியர் போனைப் பையில் வைத்தார்.

“புரியுதுண்ணே. ஆனா படத்தை மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல.”

“சாய்மானமே வைக்காம விட்டா? எந்தப் பக்கமும் உக்காரலாம்ல?” என்றான் நல்லகாமன்.

அவர் ரோட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “சாய்மான வேலை பாக்கின்னு எழுதிக்கிறேன். சீக்கிரம் பிரிங்க.”

நல்லகாமன் ஒவ்வொரு கல்லாகக் கரண்டியால் நெம்பினான். அடி வரிசை பிடித்துக்கொண்டது. ரெண்டு கல் உடைந்தது.

ஆறு மேடையிலும் அந்த வேலை இன்னமும் பாக்கிதான். சாயங்காலம் பொம்பளைகள் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகு வலிக்கிற பெருசுகள் மட்டும், “சாய ஒண்ணுமில்லாம எந்தக் கூமுட்டை கட்டுனான்?” என்று திட்டுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் நல்லகாமன் காதில் விழும். அப்படியே நடையைக் கட்டுவான்.