கையை ஆட்டியதற்கு மொட்டை

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். திருத்தணி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர், "டீச்சர் வந்தா நான் ரேடியோவ நிறுத்திடுவேன், ரெண்டும் ஒண்ணா ஓடினா கரண்ட் தாங்காது" என்பார். அப்படிப்பட்ட நான் காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது, என் வீட்டுக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "பகல் முழுக்க சேத்து வெச்சத சாயங்காலம் என்கிட்ட கொட்டுவ, அவ்ளோதானே."

அந்த மொழியை நான் முதலில் பிடித்தது எந்த வகுப்பிலும் இல்லை, அரக்கோணம் ரயில்வே ஸ்டேஷனில். அப்போது அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்கால வண்டிக்குக் காத்திருக்கும்போது பிளாட்பாரத்தின் கடைசியில் காது கேளாத இளைஞர்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்து ஆளுக்கு ஒரு பக்கம் போகிறவர்கள். வண்டி வந்தாலும் பேச்சு முடியாது. ஏறினவன் ஜன்னலிலிருந்து பேசுவான், நிற்கிறவன் பிளாட்பாரத்திலிருந்து பதில் சொல்வான். வண்டி நகர்ந்து, வேகம் பிடித்து, ஆள் சின்னதாகத் தெரிகிற வரைக்கும் கைகள் பேசிக்கொண்டே இருக்கும். ஜன்னல் ஓரம் நின்று "போய் போன் பண்ணு" என்று கத்துகிற நம் ஆட்கள் பாதி வார்த்தையை இரைச்சலில் தொலைத்துவிடுவார்கள். இவர்களுக்கு ஒரு சொல் சேதாரம் ஆகாது. பேச்சு என்றால் உயிரை விடுகிறவள் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியுமா? அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு கற்றுக்கொடுத்தார்கள்.

பள்ளியில் எனக்குக் கொடுத்தது சின்னப் பிள்ளைகளின் வகுப்பு. அங்கே யாரையும் கூப்பிட முடியாது. விளக்கைப் போட்டு அணைக்க வேண்டும், அல்லது தரையில் காலால் தட்ட வேண்டும், அதிர்வு பாதத்தில் ஏறினால் திரும்பிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. கன்னத்தில் குழி விழுகிறவனுக்குக் கன்னத்தில் ஒரு விரல். எப்போதும் சட்டை நுனியைக் கடிக்கிறவனுக்கு அதுதான் பெயர். பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண் பிள்ளைக்கு இடுப்பு வரைக்கும் தொங்கும் பின்னல் இருந்தது. காதோரத்திலிருந்து கையை முறுக்கிக்கொண்டே கீழே இறக்கினால் அவள்தான்.

ஆறு வயது. வகுப்பிலேயே பெரிய சண்டைக்காரி. சைகையில் சண்டை என்றால் கையை மட்டும் ஆட்டினால் போதாது, முகமும் சண்டை போட வேண்டும். அவள் முகம் அதற்கென்றே செய்தது. அந்த வாரம் நான் 'ஏன்' என்ற கேள்வியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். புருவம் சுருங்காமல் கேட்டால் அது கேள்வியே ஆகாது என்று பத்துத் தடவை காட்டினேன். அவள் முதல் தடவையிலேயே சுருக்கிவிட்டாள். அதோடு நில்லாமல் சுவர்க் கடிகாரத்தையும் தண்ணீர்க் குடத்தையும் பார்த்து ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரே காவடியும் கூட்டமுமாக இருந்ததால் பள்ளிக்கு விடுமுறை. திரும்பத் திறந்த அன்று அவள் மொட்டையடித்து, தலையில் சந்தனத்தோடு வந்தாள். எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சிக்கல், பின்னல் இல்லாத பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிடுவது? சட்டை கடிக்கிற பையன் உள்ளங்கையால் தலையைத் தடவி ஒரு புதுப் பெயர் வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவளோ இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கைகள் எழும்பவில்லை.

மறுநாளும் அப்படியே. அன்று இன்னொரு விஷயமும் கவனித்தேன். அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளை, அரக்கோணத்தில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாயின் மகள், இரண்டு கையாலும் தன் பின்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த இரண்டு பெண் பிள்ளைகளும் அதேபோல. கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார்கள். கை பேசுகிற வகுப்பில் கையெல்லாம் கட்டிப்போட்டது போல ஆகிவிட்டது.

மெக்கானிக் மகளைத் தனியாகக் கூப்பிட்டு என்னவென்று கேட்டேன். வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு கையைப் பின்னலிலிருந்து எடுத்து, முந்தின நாள் மொட்டைப் பிள்ளை தனக்கு ஒளித்துச் சொன்னபடியே பெஞ்சுக்குக் கீழே வைத்துச் சொன்னாள். அவள் பஸ்ஸில் கையை ஆட்டினாள். அப்பா கையைப் பிடித்தார். அடுத்த நாள் மலைக்குக் கூட்டிப்போய் முடியை வெட்டிவிட்டார். அங்கே நிறையப் பிள்ளைகள் அழுதார்கள். எல்லோரும் நம்மைப் போலக் கையை ஆட்டினவர்கள். எல்லோருக்கும் வெட்டிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்ததை வைத்துப் போட்ட கணக்கு. அதில் எந்த இடத்தில் தப்பு என்று சொல்வீர்கள்? வேண்டுதல் என்று ஒன்று இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அதை வீட்டில் எல்லோரும் வாயால்தான் பேசியிருப்பார்கள்.

மொட்டைப் பிள்ளையை உட்காரவைத்து விளக்கப் பார்த்தேன். இரண்டு சைகை போவதற்குள் கண்ணை மூடிக்கொண்டாள். காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளையிடம் இன்னும் சத்தமாகச் சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்ட பிள்ளையிடம் நாம் ஊமை. வாய்ப்பேச்சு வர வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்ட பிள்ளை அது. கையும் நின்றுபோனால் அவளுக்கு வேறு வாசல் கிடையாது. இதை யார் திறக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அவள் அப்பா வந்தார். பவர்லூம் ஓட்டுகிறவர், சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கும். விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவரும் சிரித்தார்.

"என்னா டீச்சர் சொல்றீங்க, பேச்சு வரணும்னு வேண்டிகினு குடுத்த முடி அது."

"உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா?"

சிரிப்பு போய்விட்டது. "பஸ்ல கைய வீசிகினே வந்துச்சு. பக்கத்துல ஒரு அம்மா 'ஐயோ பாவம்'னுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு டீச்சர். கையப் புடிச்சு மடியில வெச்சேன். அவ்ளோதான். அடிக்கல."

"அடிச்சிருந்தா அழுதுட்டு மறந்திருக்கும்."

"நீங்க சொல்லிடுங்களேன். உங்களுக்குதான் அந்தக் கை வரும். என்னுது நூல் அறுந்தா முடிச்சுப் போடுற கை."

"நான் சொன்னா டீச்சர் சமாதானம் சொன்னதாப் போயிடும். வெட்டினது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

கேட்டுக்கு உள்ளே நின்ற மகளின் மொட்டையைப் பார்த்தார். பிறகு, "நானும் போட்டுக்கறேன்" என்றார். அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கர் போடாமலே அந்த அம்மா பேசியது எனக்குக் கேட்டது.

"உனக்கு எதுக்கு இப்ப மொட்டை? என் தங்கச்சி கல்யாணத்துல போட்டோ எடுக்க வேணாமா?"

"அதுக்குள்ள மொளச்சிடும்."

"மீசையாவது வெச்சிக்கோ."

"சாமிகிட்ட பாதி குடுத்துட்டுப் பாதி கடன் சொல்றதா? வெய்யி போன."

மறுநாள் காலையில் மூவரும் மலை பஸ்ஸில் ஏறினோம். மொட்டையடிக்கும் மண்டபத்தைப் பார்த்ததும் அவள் இரண்டு கையையும் என் புடவைக்குள் செருகிக்கொண்டாள். அப்பா சீட்டு வாங்கிக்கொண்டு, அவளுக்கு எதிரில், அவள் பார்க்கும்படி சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மொட்டையடிப்பவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "பாப்பா ஏற்கெனவே குடுத்துடுச்சே" என்றார்.

"எனக்கு."

"அப்பனுக்கும் பொண்ணுக்கும் போட்டியா?" என்று தலையில் தண்ணீரைத் தெளித்தார்.

அப்பா குனிந்த தலையை நொடிக்கொரு தரம் தூக்கி மகளைப் பார்த்துச் சிரித்தார். "தலையத் தூக்காதீங்க, காது போயிடும்" என்றார் கத்திக்காரர்.

"போனாப் போவுது. எங்க வீட்ல காது இல்லாமயே ஒருத்தர் பொழைக்கலயா?"

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. என் புடவைக்குள்ளிருந்து ஒரு கை மெதுவாக வெளியே வந்தது. அப்பாவைக் காட்டி, என்ன தப்பு என்று என்னைக் கேட்டாள்.

"நீங்க என்னா தப்பு பண்ணீங்கன்னு கேக்கறா" என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்ற சில சமயங்களில் அதுவும் ஒன்று.

அவர் பாதி மொட்டையோடு யோசித்தார். பிறகு முட்டி போட்டு அவள் பக்கம் நகர்ந்து வந்தார். அவளுடைய இரண்டு கையையும் எடுத்து, மேலே தூக்கி, ஆட்டினார். தன் மொட்டையைக் காட்டினார். இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி அவள் கையை ஆட்டி, அவள் மொட்டையைக் காட்டி, இல்லை என்றார். பிறகு சன்னதி இருக்கிற பக்கம் திரும்பிக் கும்பிட்டு, அவளைக் காட்டி, தன் நெஞ்சில் கையை வைத்தார். அவ்வளவுதான். ஒன்றுகூட நாங்கள் சொல்லிக்கொடுக்கும் சைகை இல்லை.

அவள் கண்ணை மூடவில்லை. ஆனால் லேசில் நம்புகிறவளும் இல்லை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஆந்திரா பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், புதுமொட்டை, பேரனைத் தோளில் போட்டிருந்தார். அவர் எதிரில் நின்று, அவர் தலையைக் காட்டி, புருவத்தைச் சுருக்கி, 'ஏன்' என்று கேட்டாள். அவர் "ஏமம்மா?" என்று குனிந்தார். அவள் மறுபடி தலையைக் காட்டினாள். அவர் சன்னதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, தோளில் தூங்கும் பேரனைக் காட்டி, அவன் முதுகில் தட்டினார்.

இரண்டு பேர், ஒரே பதில். அவள் திரும்பி வந்தபோது அப்பாவுக்கு மீசையும் போயிருந்தது. எங்கள் சைகையில் அப்பா என்றால் மீசை. அவள் விரலை உதட்டுக்கு மேலே கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்தி, அவர் வெறும் உதட்டைத் தொட்டுப் பார்த்து, உடம்பு குலுங்கச் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கும்போது சத்தம் வரும். மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இறங்கும் பஸ்ஸில் அவள் கைகள் நிற்கவே இல்லை. எதிர் சீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அப்பாவின் கை பழக்கத்தில் அவள் பக்கம் போனது, பாதி வழியில் திரும்பித் தன் மொட்டையைத் தடவிக்கொண்டது.

"என்னா டீச்சர் சொல்லுது?"

"என்ன ஏன் கேக்கறீங்க? பக்கத்துலதானே கீறா."

அவர் அவள் பக்கம் திரும்பி, ஒரு விரலைச் சுற்றிக் காட்டி, இன்னொரு தரம் என்றார். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, மக்கு மாணவனுக்குச் சொல்வது போல நிதானமாக ஆரம்பித்தாள்.

முன் சீட்டுப் பூக்கார அம்மா, "பாப்பா பேசாதா நைனா?" என்றார்.

"பேசிகினேதான் கீதும்மா. எனக்குதான் பாதி புரியல."

பள்ளியில் அவளை விட்டுவிட்டு அவர் தறிக்குப் போய்விட்டார். அவள் பையைக்கூட இறக்காமல் வகுப்புக்கு முன்னால் போய் நின்று, மலையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அப்பா, தண்ணீர், பெரியவர், மீசை, எல்லாம் வந்தது. அப்பா அழுததாகவும் ஒரு இடம் வந்தது, நான் திருத்தவில்லை. கத்தியை மட்டும் தன் முழங்கை நீளத்துக்குக் காட்டினாள்.

மெக்கானிக் மகளால் அதைப் பொறுக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய கத்தியா என்று கேட்க வேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும். பின்னலை விட்டுவிட்டு எழுந்தாள்.