கூஜா ஆட்டம்

இன்று காலை களம்பூர் ரைஸ் மில்லில் ஒரு அறுந்த ஒயரைப் பற்றவைத்தேன். ஈயம் உருகி, பேஸ்ட் புகை மூக்கில் ஏறியதும் கண்ணுக்குள் பச்சையாக ஏதோ விரிந்தது. சிரிக்காதீர்கள். எனக்கு அந்த வாசனைக்கு ஒரு நிறம் உண்டு. கண்ணுக்கெட்டிய வரை புல், அதன் நடுவில் ஒரு வெள்ளைப் பந்து.

கால்ஃப் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தேவராஜ் அண்ணனின் டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன், அவ்வளவுதான். பெட்டி டிவியைச் சரிசெய்து முடித்ததும் அண்ணன் கால்ஃப் ஓடும் சேனலைத்தான் வைப்பார். கிரிக்கெட் வைத்தால் தெருவே உள்ளே வந்துவிடும். கால்ஃபுக்கு ஈகூட வராது.

"பச்சை சரியா வுழுந்துட்சின்னா மத்த கலரெல்லாம் தானா வந்துடும்டா. பந்து ரெண்டா தெரிஞ்சா, திரும்பக் கழட்டு" என்பார்.

அப்படிப் பார்த்துப் பார்த்தே ஆட்டம் பிடிபட்டது. வருஷத்துக்கு நாலு பெரிய ஆட்டம். இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நிற்காது. ஏப்ரலில் ஜெயித்தவனுக்குப் பச்சைக் கோட்டு மாட்டுவார்கள், அது கோட்டு ஆட்டம். முழங்கால் உயரப் புல்லில் பந்தைத் தொலைத்துவிட்டு விழிப்பது புல்லு ஆட்டம். ஒரு ஆள் குளிக்கலாம் போலப் பெரிய வெள்ளிப் பாத்திரம் தருவது அண்டா ஆட்டம். ஜூலையில், கடலோரத்தில், காற்றில் தொப்பி பறக்க ஆடுவதுதான் கூஜா ஆட்டம். ஜெயித்தவனுக்கு நிஜமாகவே ஒரு வெள்ளிக் கூஜாதான் பரிசு.

அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பின்னாலேயே போவேன். வாய் திறக்க மாட்டேன். எதிர் டீக்கடைக்காரர் எனக்கு வைத்த பெயர் கூஜா. "இன்னாபா கூஜா, இன்னிக்கு எந்தத் தெரு?" என்று கத்துவார். தறிக்குப் பாவு எடுத்துப் போகிற பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த வெள்ளிக் கூஜாவுக்கு ஒருத்தன் முத்தம் கொடுத்ததை முதன்முதலில் பார்த்த அன்று அண்ணன் என் முதுகில் தட்டினார். "பாருடா, அந்த ஊர்ல கூஜா தூக்கறதுக்கு எவ்ளோ அடிச்சிக்கிறானுங்க!"

பிறகு சுவரில் மாட்டுகிற டிவிகள் வந்தன. பெட்டி டிவிகள் குறைந்தன. ஓசூரில் இருந்த அண்ணனின் மகன் கடையை மூடிவிட்டு வரச்சொல்லி தினமும் போன் செய்தான். எனக்கோ அப்போதுதான் பெண் பார்த்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். கடை நிலைக்குமா என்று பெண் வீட்டில் கேட்டார்கள். அதை அண்ணனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஜூலையில் அறுபதைத் தொடப்போகிற ஒருவர் கூஜா ஆட்டத்தில் முன்னால் இருந்தார். மற்றவர்கள் அவர் மகன் வயசு. கடைசி நாள் ஆட்டத்தை மறுநாள் பகலில் திரும்பப் போட்டார்கள். தமிழ்ப் பேப்பரில் இதெல்லாம் வராது, எனவே எங்களுக்கு அது அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"பெரியவர் மட்டும் கூஜா தூக்கட்டும், கடைய மூடற பேச்சே இல்ல. இல்லன்னா ஆடி முடிஞ்சதும் ஓசூரு."

கடைசிக் குழி. பந்துக்கும் குழிக்கும் நடுவில் ஒரு ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பந்து உள்ளே விழுந்தால் கூஜா. பெரியவர் குனிந்தார்.

"டிவி ரெடியாங்க?" வாசலில் சேவூர் தறிக்காரர் நின்றார். கடையில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய டிவிதான்.

"ரெண்டே நிமிஷம்" என்றார் அண்ணன்.

"ஆட்டோ நிக்குதுங்க. ஆடிக்கு மாப்ள வந்து உக்காந்துகினு இருக்காரு. டிவி இல்லாம ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துகினு இருக்கோம். பெரிய பேஜாரா போச்சு!" சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பச்சை ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது.

டிவியை மாட்டிவிட்டு வர அண்ணனே ஆட்டோவில் ஏறிப்போனார். சாயந்தரம் வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்னைப் பார்க்காமல், "தூக்கிட்டாருடா" என்றார்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆனது. கடை இன்னும் சில வருஷம் நடந்தது. மில்லில் இந்த வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணன் ஓசூர் போனார்.

இன்று டீ நேரத்தில், எதற்கோ, போனில் அந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்தேன். பிளக் பிடுங்கிய இடத்திலிருந்து பார்த்தேன். பந்து குழிக்குள் விழவில்லை, ஒதுங்கிப் போனது. ஆட்டம் சமமாகி, இன்னும் நாலு குழி ஆடவைத்தார்கள். அதில் பெரியவர் சுத்தமாகத் தளர்ந்துபோனார். கூஜாவைத் தூக்கியது வேறொருவர். சேவூரில் டிவியை மாட்டியதும் பச்சை பார்க்க அண்ணன் அந்தச் சேனலைத்தான் வைத்திருப்பார். எல்லாவற்றையும் பார்த்திருப்பார்.

டீ ஆறிவிட்டது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு அந்தப் பெரியவர் தோத்துட்டாரேண்ணே."

போனில் அந்தப் பழைய சிரிப்பு. "இப்பத்தான் தெரிஞ்சிதா? ரொம்ப ஜல்திடா நீ. சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். டீக்கடையும் இல்லை, என்னைக் கூஜா என்று கூப்பிட ஆளும் இல்லை. அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் இத்தனை வருஷமாக என் மனசுக்குள், கடற்காற்றில், அந்தப் பச்சைக்கு நடுவே ஒரு பெரியவர் வெள்ளிக் கூஜாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இன்று காலையிலிருந்து அவரைக் காணோம்.