விஜயகலா கேட்ட அட்டவணைகள்

தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஸஹாப்தீன் நானாவின் கம்யூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடிப்பவர் விஜயகலா. ஓய்ந்த நேரங்களில் இணையத்தில் பைத்தன் நிரல்மொழி படித்தவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் மண்சரிவில் போனதிலிருந்து, அம்மா வெள்ளையம்மாவோடும் லயத்துச் சனங்களோடும் பாடசாலை மண்டபத்தில் தங்கியிருக்கிறார்.

புது வீடு வேண்டுமென்றால், லயத்தின் எந்த அறையில், எந்தக் காம்பராவில், இருந்தோம் என்று காட்ட வேண்டும். கடதாசிகள் மண்ணுக்குள். தோட்டத்து அலுவலகமான கந்தோரும் மண்ணுக்குள். மிஞ்சியது தோட்டத்துக் கிளாக்கர் கிருஷ்ணகுமாரின் சட்டைப்பையில் இருந்த பென் டிரைவ். அதை அவர் கடைக்குக் கொண்டுவந்தார்.

"காம்பரா வாரியா ஆளுங்க பேரெல்லாம் இதுல இருக்கணும். தொறக்குற சொப்ட்வெயார் கந்தோரோட போயிருச்சு. நீ ஏதோ படிச்சிருக்கியாமே, பாரு."

உள்ளே இருந்தது ஓர் எஸ்கியூலைட் தரவுத்தளம். அது தன் அட்டவணைகளின் பெயர்களைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். பைத்தனில் சில வரிகளில் கேட்டு வாங்கலாம். விஜயகலா கடைக் கணினியில் கேட்டார். திரையில் இரண்டு சதுர அடைப்புக்குறிகள் வந்தன. நடுவில் எதுவுமில்லை.

"காலிங்க, கிளாக்கர் ஐயா. ஒரு டேபிள்கூட இல்ல."

"அப்ப இத வச்சிக்கிட்டு நான் என்னா செய்ய?"

அவர் அதைக் கோயில் கமிட்டிக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் உள்ளதை அழித்துவிட்டு, மாரியம்மன் திருவிழா ஒலிபெருக்கிக்காக இடம் மிஞ்சாமல் பாட்டு ஏற்றினார்கள்.

திருவிழா முடிந்தபின் கடைக் கணினியைத் துப்புரவாக்கியபோது, டெஸ்க்டொப்பில் அதே பெயரில் ஒரு கோப்பு கிடந்தது. அளவு பூச்சியம். விஜயகலா தன் வரிகளைத் திரும்பப் பார்த்தார். கோப்பின் பெயரை மட்டும் கொடுத்திருந்தார். பென் டிரைவில் தேடு என்று சொல்லியிருக்கவில்லை. தேடும் இடத்தில் தரவுத்தளம் இல்லாவிட்டால் எஸ்கியூலைட் முறையிடாது. அதே பெயரில் வெறுமையாக ஒன்றை உருவாக்கித் திறந்துவிடும். அவர் பார்த்தது அதைத்தான். தோட்டத்தின் தரவுத்தளத்தை அவர் திறக்கவேயில்லை.

ஸஹாப்தீன் நானா கமிட்டியிடமிருந்து பென் டிரைவை வாங்கி, அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். அம்மன் பாட்டுகள்தான் வந்தன.

"அதுக்கு மேலயே ஏத்தி நிரப்பிட்டாங்க தங்கச்சி. இனி எடுக்க ஏலா."

விஜயகலா மண்டபத்தில் அம்மாவிடம் மட்டும் சொன்னார். வெள்ளையம்மா பாயைத் தட்டுவதை நிறுத்தினார்.

"நம்ம காம்பரா கணக்கு மட்டுமா போச்சு?"

"லயம் முழுக்கம்மா."

அடுத்த பாயில் அதே லயத்து அழகமுத்து, புது வீட்டில் சமைக்கிற குசினியை எந்தப் பக்கம் வைப்பதென்று மனைவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளையம்மா சிறிது நேரம் அதைக் கேட்டார்.

"வாயத் தொறந்திராத," என்றார் மகளிடம். "இவங்க பக்கத்துலதான் இன்னும் படுத்து எந்திரிக்கணும்."