கிள்ளானில் அரை மணி நேரம்

மூளையின் மரபணுக்களை ஆராயும் அவரும், குடும்பங்கள் எதை நினைவில் வைத்துக்கொள்கின்றன என்று கேட்டெழுதும் நானும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரே காரில் கிள்ளானுக்குப் போன கடைசி நாள் அது. மறதி நோய் உள்ள குடும்பங்களைத் தேடி வருடக்கணக்கில் இப்படி அலைந்திருந்தோம். மறுவாரம் அவர் வெளிநாட்டு வேலைக்குப் போகிறார். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, வாயும் வரவில்லை.

அந்த வீட்டு ஆன்டியிடம் எச்சில் மாதிரி எடுக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று அவர் முதல் நாளே ஆன்டிக்குப் போனில் சொல்லியிருந்தார். நாங்கள் உட்கார்ந்ததும் மூன்று கிளாஸ் டீ வந்தது. ஆன்டியும் ஒன்றை எடுத்துக் குடித்தார்.

“ஐயோ ஆன்டி, குடிக்கக் கூடாதுன்னு சொன்னேன் லா!”

“காலைலேர்ந்து பச்சத்தண்ணி தொடல தம்பி. அதுக்காக, வந்தவங்கள தனியா குடிக்க விட்டுட்டு வாயப் பாத்துக்கிட்டு இருக்கவா?”

அவர் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து அரை மணி நேரம் காத்திருந்தோம். தன் அம்மா கடைசியில் பெயர்களை எல்லாம் மறந்து, குரல்களை மட்டும் கண்டுபிடித்ததை ஆன்டி சொன்னார். நான் எழுதவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் நரைத்த காதோரத்தில் ஜன்னல் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. இந்தக் காத்திருப்பு முடியவே கூடாது என்றிருந்தது.

“சரி, நேரமாச்சு” என்று எச்சில் பிடிக்கும் குப்பியை அவர் திறந்தார்.

“ஆன்டி, இன்னும் கொஞ்சம் டீ கிடைக்குமா?” என்றேன்.

ஆன்டி மூன்று கிளாஸையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.